நாலால் வகுபடும் மூச்சு

ஜூன் 30, திங்கள்

ஆராய்ச்சி செய்கிறவன் டைரி எழுத வேண்டும் என்று பேராசிரியை தில்லைநாயகி சொல்லிவிட்டார். எண்களைத் தாளில் எழுதுங்கள், மனதில் படுவதைத் தனியாக எழுதி வையுங்கள், பின்னால் கட்டுரை எழுத உதவும் என்றார். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவர். நான் அனுப்பும் எண்களைக் கூட்டிக் கழித்து அர்த்தம் சொல்வது அவர் பொறுப்பு. நேரில் பார்த்ததில்லை. போனில் பேசினாலே விடைத்தாள் திருத்துகிற மாதிரி இருக்கும்.

மனதில் படுவது: இருபத்திரண்டு வருடம் பிள்ளை வைத்தியம் பார்த்த ஆசீர் பொன்னையா என்கிற எனக்கு இந்த வயதில் வீட்டுப்பாடம்.

ஆராய்ச்சி இதுதான். காய்ச்சலும் இருமலுமாக வரும் பச்சைப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெறும் சளிக்காரர்கள். மீதிப் பத்தில் ஓரிருவர் மறுநாளே மூச்சுக்குத் திணறுவார்கள். முதல் பார்வைக்கு எல்லாரும் ஒன்றுபோல மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த ஓரிருவரைப் பத்தே நிமிடத்தில் பிடிக்க ஒரு தாள் தயாரித்திருக்கிறேன். ஐந்து கட்டம். உடம்புச் சூடு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, பால் குடிக்கிறதா, முகம் பார்க்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது. கடைசியில், எண்ணியவர் பெயரின் முதலெழுத்து. மொத்தம் முந்நூறு பிள்ளைகள் வேண்டும். இன்றோடு இருநூற்று ஒன்று.

முந்நூறு ஆனால் நாலு கட்டில் பிழைக்கும். சந்தேகமான பிள்ளைகளை ஆறு மணி நேரம் வைத்துப் பார்க்க என் அறைக்கு அடுத்த அறையில் நாலு கட்டில் போட்டிருக்கிறேன். எலும்பு வார்டுக்காரர்கள் அவற்றின் மேல் கண்ணாக இருக்கிறார்கள். சூப்பரின்டெண்டென்ட் கமாலுதீன் பெரியவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர், நல்ல மனிதர், எதையும் எண்ணிக்கையில் கேட்பவர். அந்தக் கட்டிலால் என்ன பிரயோசனம் என்று செப்டம்பர் முப்பதுக்குள் காட்டுங்கள், இல்லையென்றால் எலும்புக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

ஜூலை 2, புதன்

இருநூற்று ஐந்து. இன்று வந்த அம்மாக்கள்: பேச்சியம்மாள், முப்பிடாதி, சுடலைவடிவு. பிள்ளைகள்: ரிதன்யா, ஜோஷிகாஸ்ரீ, க்ரித்விக். ஊர்ச் சாமிகள் எல்லாம் சேர்ந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தைப் பெற்றெடுத்த மாதிரி இருக்கிறது. சிஸ்டர் இசக்கியம்மாள் மூன்றாவது பெயரை நாலு விதமாக எழுதிப் பார்த்துவிட்டு, "சுடலைவடிவு மகன்" என்று முடித்துவிட்டார். இந்த வார்டில் இருபத்தேழு வருடம் இருக்கிறவர். அவர் எழுதியதை நான் மாற்றுவதில்லை.

ஜூலை 4, வெள்ளி

கூட்டம் கேட் வரைக்கும். தாள் எண் 209: தன்விகாஸ்ரீ, எட்டு மாதம், தாய் முத்துப்பேச்சி, பீடி சுற்றும் தொழில். இரண்டு நாள் காய்ச்சல், இருமல். மூச்சு 48. இந்த வயதில் ஐம்பது தொட்டால்தான் வைத்துப் பார்க்க வேண்டும். பால் குடிக்கிறாளா என்று கேட்டேன். குடிக்கிறாள், ஆனால் முன்னைப் போல் இல்லை என்றார் தாய். கட்டத்தில் "முன்னைப் போல்" என்று எழுத இடமில்லை. குடிக்கிறது என்று டிக் செய்தேன். சிரப் கொடுத்து அனுப்பியாயிற்று.

அந்தம்மா வாசல் வரைக்கும் போய்விட்டு, திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். கேள்வி கேட்டால் திட்டுவேன் என்று பயந்திருப்பார். திட்டியிருப்பேன்தான். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

கேன்டீனில் ஆமவடை நன்றாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

ஆலயத்தில் பிரசங்கம் ஐம்பத்தொரு நிமிடம். விடாமல் எண்ணினேன்.

ஜூலை 7, திங்கள்

209 திரும்பி வந்துவிட்டது. காலை எட்டரைக்கு ஆட்டோவிலிருந்து முத்துப்பேச்சி இறங்கி ஓடி வந்ததை சிஸ்டர்தான் முதலில் பார்த்தார். பிள்ளை மூச்சு எழுபதைத் தாண்டி ஓடுகிறது. விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, உதடு மங்கல். நுரையீரலில் நிமோனியா இறங்கிவிட்டது. ஆக்சிஜன், ஊசி, மூக்கு வழியே பால். மத்தியானம் கொஞ்சம் தேறினாள்.

நோய் அப்படித்தான். வெள்ளிக்கிழமை இல்லாதது திங்கட்கிழமை இருக்கும். யார் பார்த்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். யாரும் கேட்காமலே இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

தில்லைநாயகியின் போன். இதுவரை அனுப்பிய இருநூற்றுப் பதின்மூன்று தாள்களையும் பார்த்துவிட்டாராம். சூடு சரி, நகம் சரி, எல்லாம் சரி என்றார். கொஞ்சம் இருமினார். பிறகு கேட்டார்:

"டாக்டர், உங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் நாலால வகுபடுற மாதிரிதான் மூச்சு விடுமா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே படித்துக் காட்டினார். 36, 44, 40, 48, 52, 40, 32, 48. இருநூற்றுப் பதின்மூன்றில் இருநூற்று ஆறு நாலால் மீதியில்லாமல் வகுபடுகிறது. இயற்கையாக இருந்தால் நாலில் ஒரு பங்குதான் அப்படி வரவேண்டுமாம். யாரோ ஒரு நிமிடம் எண்ணாமல் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிறார்கள் என்றார். பதினைந்து நொடியில் ஒன்றைத் தவறவிட்டால் கணக்கில் நாலு போய்விடும். உங்களுடைய ஐம்பது என்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் 48, அந்தப் பக்கம் 52, நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் தாளில் இடமே இல்லை என்றார்.

யார் அந்த யாரோ என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

ஜூலை 10, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். பத்தரை மணிக்கு, தடுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பயிற்சி டாக்டர் பெண்ணும் இரண்டு நர்ஸ்களும் மாறி மாறி எண்ணினார்கள். ஒவ்வொருவரும் வாட்சைப் பார்க்கிறார்கள், பதினைந்து நொடி, எழுந்துவிடுகிறார்கள். உதடு பெருக்கல் வாய்ப்பாடு சொல்வது தெரிகிறது. ரத்தம் கொதித்தது.

இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன். மூன்று வயதுப் பயல் ஒருவன் திரையை விலக்கி, "எம்மா, டாக்டரு ஒளிஞ்சி வெளாடுதாரு" என்று ஊருக்கே சொல்லிவிட்டான். ஸ்டெதாஸ்கோப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தேன். அது கழுத்தில்தான் கிடந்தது.

ஜூலை 11, வெள்ளி

எல்லாரையும் கூட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்குச் சரி, சிசு அரிசி இல்லை என்றேன். பச்சைப் பிள்ளையின் மூச்சு கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்சம் நிற்கும், பிறகு விட்டதைப் பிடிக்க இன்னும் வேகமாக ஓடும். நீங்கள் எண்ணும் பதினைந்து நொடி அது நிற்கிற நேரமாக இருந்தால், சாகக் கிடக்கிற பிள்ளையை சௌக்கியம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவீர்கள். இப்படிச் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது. பயிற்சி டாக்டர் பெண் அழுதுவிட்டாள்.

சிஸ்டர் இசக்கியம்மாள் சாயங்காலம் தாள்களை எல்லாம் எண்ணியவர் முதலெழுத்துப்படி பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு கட்டு மட்டும் செங்கல் கனம். அதை ஏன் மேலே வைத்தார் என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

தாள்களைப் பார்க்க நேரமில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேரம் இருந்தது. பார்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

முன்மாதிரியாக நானே ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். பிள்ளைக்கு ஒரு வயது. கூட தாய், தகப்பன், தகப்பனின் அக்கா. சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இருபதாவது நொடியில் தாய் என் முகத்தைப் பார்த்தார். முப்பதாவது நொடியில் தகப்பன் "என்ன சார்?" என்றார். எண்ணிக்கை தப்பிவிடும் என்று நான் பேசவில்லை. கையை மட்டும் தூக்கி நிறுத்தினேன். அது என்ன சைகையாகப் பட்டதோ, தகப்பனின் அக்கா "என் தம்பி வம்சமே" என்று தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். தாயும் சேர்ந்துகொண்டார். பிள்ளை மிரண்டு வீரிட்டான். வீரிடுகிற பிள்ளையிடம் என்னத்தை எண்ணுவது? வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒரு பிள்ளை செத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைக்கு வெறும் சளி.

மத்தியானம் யோசித்தேன். டாக்டர் ஒருவன் ஒரு நிமிடம் பேசாமல் பிள்ளையையே பார்த்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்துக்குப் பயந்து, அந்த முகங்களைப் பார்க்கப் பயந்துதான் எல்லாரும் பதினைந்து நொடியில் எழுந்துவிடுகிறார்கள். சோம்பல் இல்லை. இது எனக்கு இன்றுதான் தெரியும் என்று எழுத நினைத்தேன். எப்போதோ தெரிந்துதான் இருந்தது போலிருக்கிறது.

ஜூலை 16, புதன்

தன்விகாஸ்ரீக்கு ஆக்சிஜன் எடுத்தாயிற்று. தாய்ப்பால் குடிக்கிறாள், முன்னைப் போலவே. நான் கட்டிலருகே போனபோது முத்துப்பேச்சி பிள்ளையின் வயிற்றைப் பார்த்தபடி, தொடையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எண்ணுதேன் சார். காலையில ஒரு கட்டும் பதினெட்டும். இப்பம் ஒரு கட்டும் பதினாலு."

பீடி ஒரு கட்டுக்கு இருபத்தைந்து. அதாவது முப்பத்தொன்பது. நான் வாட்சை எடுத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். முப்பத்தொன்பது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லையாம். பத்து வயதிலிருந்து எண்ணுகிற கை, எது அசைந்தாலும் எண்ணும் என்றார். பிறகு, கோவிக்க மாட்டீயளே என்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அன்னைக்கு நீங்க பன்னெண்டு எண்ணிட்டு எந்திச்சிட்டீய சார். அதுக்கப்பறமும் பிள்ளை மூச்சு விட்டுக்கிட்டுதாம் இருந்தா. உங்க தலைக்கு மேல கடியாரம் கெடந்துச்சி. நான் முழுசும் எண்ணுனேன். ரெண்டு கட்டும் அஞ்சும்."

ஐம்பத்தைந்து. ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்லுவோம்னுதாம் வாசல்ல நின்னேன். நீங்க அடுத்த பிள்ளையைக் கூப்புட்டுட்டீய."

அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். செங்கல் கனக் கட்டில் நூற்று முப்பத்தொரு தாள்கள். எல்லாவற்றிலும் ஆ.பொ. எல்லாமே நாலால் வகுபடுகிறவை. தாள் 209, ஆ.பொ., 48. நாலால் வகுபடாத அந்த ஏழு தாள்களும் இ. போட்டவை, இசக்கியம்மாள். மற்றவர்கள் எண்ணியதும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அந்தப் பயிற்சி டாக்டர் பெண் வந்த முதல் நாள் நான்தான் எண்ணிக் காட்டினேன், பதினைந்து நொடி, மிக நேர்த்தியாக.

வெட்கமாக இருக்கிறது. ஒரு பிள்ளையை ஏறக்குறையக் கொன்றுவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்று திருடனைத் தேடியிருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

காலையில் எல்லாரையும் மறுபடி கூட்டினேன். இந்தத் தடவை இரண்டு நிமிடம்தான் பேசினேன். பயிற்சி டாக்டர் பெண்ணிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மறுபடி அழுதாள். அவளுக்கு அழ எந்தக் காரணமும் போதும் போலிருக்கிறது.

முத்துப்பேச்சியிடமும் போய், தப்பு என்னுடையது, நோயுடையது இல்லை என்று சொன்னேன். சரி சார் என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. மன்னிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

பிறகு கமாலுதீன் அறை. இருநூற்றுப் பதின்மூன்று தாளும் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், தவணை வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. "பெரியவங்களுக்கு நாங்க எல்லாரும் பதினஞ்சு நொடிதாம் எண்ணுதோம், இதுவரைக்கும் யாரும் நாக்காலிய விட்டு விழல" என்றார். இருக்கிற தாளையே கொடுங்கள், கட்டிலைத் தருகிறேன், யார் வகுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று ஆறுதலாகவே சொன்னார். ஒரு கணம் நாலு கட்டிலும் கண்முன்னே வந்தது. முடியாது சார் என்றேன். அப்படியானால் செப்டம்பர் முப்பது முப்பதுதான் என்றார்.

ஜூலை 18, வெள்ளி

தில்லைநாயகியிடம் சொன்னேன், அவர் சொன்ன அந்த யாரோ யார் என்று. நீங்களாகவே சொன்னதால் ஐந்து மதிப்பெண் என்றார். சிரிக்கிறாரா என்று கேட்டுப் பார்த்தேன், போனில் தெரியவில்லை.

நூற்றுப்பத்து தாள் போதுமாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், முழு நிமிடம் எண்ண வேண்டும். இருக்கிற நர்ஸே பாதி, இரண்டாவது ஆளுக்கு எங்கே போவேன் என்றேன். அது புள்ளியியல் இல்லை என்று வைத்துவிட்டார்.

ஜூலை 19, சனி

தன்விகாஸ்ரீ வீட்டுக்குப் போகிறாள். கிளம்புகிற நேரத்தில் முத்துப்பேச்சி அடுத்த கட்டில் தாய்க்கு எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாய் வந்ததிலிருந்து ஓயாமல் அழுதுகொண்டிருந்தவர். எண்ணும்போது அழவில்லை.

நானும் சிஸ்டரும் வாசலில் நின்று பார்த்தோம். சிஸ்டர் வாயைத் திறந்தால் வருடத்துக்கு நாலு வாக்கியம்தான். அதில் ஒன்று இன்று வந்தது.

"தாய்மாருக்கு ஒரு சோலியைக் குடுங்க சார். சோலி இல்லாமத்தாம் அழுதாவ."

இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார். நூற்றுப்பத்து பேர்.

ஜூலை 30, புதன்

நெறிமுறைக் குழு கூடியது. தாய் எண்ணுவதால் பிள்ளைக்கு என்ன தீங்கு என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். தீங்கு எதுவும் அகப்படவில்லை. போண்டா வந்ததும் அனுமதி கிடைத்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தாள் எண் ஒன்று. அலாரம் வைத்த கடிகாரத்தை மேசையில் வைத்து, இது கத்துகிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் எண்ண வேண்டும், ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்று தாயிடம் சொன்னேன். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தகப்பன் ஏதோ கேட்க வாயெடுத்தபோது "செத்த சும்மா இரிங்க" என்று அடக்கியதும் அவர்தான். ஒரு நிமிடம் வெளிநோயாளி அறையில் ஒரு சத்தமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்ததில்லை.

நான் 37. அவர் 37.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எல்லாருக்கும் பீடிக் கை இல்லை. சிலர் நாற்பதுக்கு மேல் தடுமாறுகிறார்கள். சிஸ்டர் இரண்டு கிண்ணமும் ஒரு படி புளியங்கொட்டையும் கொண்டுவந்தார். ஒரு மூச்சுக்கு ஒரு கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போட வேண்டும். அலாரம் அடித்ததும் நாங்கள் எண்ணிக்கொள்வோம். ஆராய்ச்சி உலகத்தில் இதற்கு முன் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று கர்வப்பட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஏன் செய்யவில்லை என்று இன்று தெரிந்தது. தாள் எண் 14-இன் அண்ணன், நாலு வயது, ஒரு புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான். எடுக்க அரைமணி நேரம். அதைத் தில்லைநாயகியிடம் சொன்னபோது, "தாய் எண்ணுனதுல ஒண்ணு குறையுமே, சேர்த்துட்டீங்களா?" என்று கேட்டார்.

நாளை முதல் மருந்துப் பாட்டில் மூடி. எந்த மூக்கிலும் போகாது. நானே போட்டுப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாற்பத்தாறு. இரண்டு பிள்ளைகளை நான் 48 என்றும் 49 என்றும் எண்ணினேன். தாய்மார் 51, 52. மறுபடி எண்ணினோம். தாய்மார் சரி. இரண்டும் கட்டிலில் கிடக்கின்றன. ஒன்றுக்கு மாலையே ஆக்சிஜன் வைக்கவேண்டி வந்தது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்று யோசித்தேன், பிறகு யோசிக்காமல் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

எண்பத்தெட்டு. எலும்பு வார்டிலிருந்து ஒருவர் நாடாவோடு வந்து அறையை அளந்தார். கதவு அகலத்தையும் அளந்தார். யாரைக் கேட்டு அளக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். சூப்பரின்டெண்டென்ட்தான் சொன்னார் என்றார். முப்பதுக்குப் பிறகு என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 24, புதன்

நூற்று ஆறு. பெரிய வித்தியாசம் வந்த பதினோரு பிள்ளைகளில் ஒன்பதில் தாய் சரி, நான் தப்பு. தில்லைநாயகி இதைத்தான் கட்டுரையின் தலைப்பாக வைக்கச் சொல்கிறார். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். நான் இரண்டு நாளாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒன்பது என்பது கொஞ்சம் அதிகம்.

கமாலுதீனுக்கு எண்களை அனுப்பிவிட்டேன். பீடி சுற்றுகிறவர்களும் மூடி எண்ணுகிறவர்களும் சொன்னதை வைத்துக் கட்டில் தர முடியுமா, நாளை மறுநாள் நேரில் வந்து பார்க்கிறேன் என்று பதில். இல்லை என்பதை மனிதர் அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்.

செப்டம்பர் 26, வெள்ளி

பதினொரு மணிக்குக் கமாலுதீன் வந்தார். தாள் எண் நூற்றுப்பத்து, கடைசிப் பிள்ளை, அப்போதுதான் உள்ளே வந்திருந்தது. தக்ஷன், பத்து மாதம், தாய் சண்முகக்கனி, வீட்டுக்காரர் பதிவுச் சீட்டு போட மாடிக்குப் போயிருந்தார். பார்த்தால் சாதாரணச் சளிதான். சிரித்துக்கூடக் காட்டினான்.

நானே ஒன்று எண்ணிப் பார்க்கிறேன் என்று கமாலுதீன் என் நாற்காலியில் உட்கார்ந்தார். சிஸ்டர் அலாரம் வைத்தார். சண்முகக்கனி மடியில் கிண்ணங்களை வைத்துக்கொண்டு மூடி போட ஆரம்பித்தார். ஒரு பதினைந்து நொடி போயிருக்கும். கமாலுதீன் வாட்சிலிருந்து தலையைத் தூக்கி, "நாப்பத்தெட்டு, வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்தார். முப்பது வருடப் பழக்கம், நான் ஒன்றும் சொல்ல முடியாது.

சண்முகக்கனி பிள்ளையின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இன்னும் முடியல சார். உக்காருங்க."

அவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கமாலுதீன் உட்கார்ந்துவிட்டார். ஆனால் விட்ட இடம் மறந்துபோய்விட்டது. முதலிலிருந்து எண்ணலாமா என்று அவர் கேட்க, சண்முகக்கனி முகம் சுளிக்காமல் மூடிகளைத் திருப்பிக் கொட்டிக்கொண்டார். சிஸ்டர் மறுபடி அலாரம் வைத்தார்.

நானும் எண்ணினேன். முதலில் மெதுவாகத்தான் ஓடியது. நடுவில் ஒருமுறை மூச்சு நின்று, பிறகு விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி வயிறு படபடவென்று அடித்தது. கமாலுதீனின் முகம் மாறியது அப்போதுதான். இப்படி ஒன்று பதினாறாவது நொடிக்குப் பிறகு இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அலாரம் அடித்தது. அவர் 52. நான் 53. சிஸ்டர் மூடிகளை எண்ணினார், 53.

நான் குனிந்து விலாவைப் பார்த்தேன். லேசாகக் குழி விழ ஆரம்பித்திருந்தது. அதற்குள் வீட்டுக்காரர் ஓடி வந்து, டாக்டர் என்ன சொல்கிறார் என்று மனைவியிடம் மூச்சு வாங்கக் கேட்டார். இரண்டு டாக்டரும் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றோம்.

"டாக்டர்மார் இன்னும் ஒண்ணுஞ் சொல்லல. நான் எண்ணிட்டேன். அம்பத்தி மூணு. இவனை வீட்டுக்குக் கொண்டு போவக் கூடாது" என்றார் சண்முகக்கனி.

கமாலுதீன் தான் எழுதிய தாளைச் சிஸ்டரிடம் கொடுத்தார். பிறகு, கட்டில் காலியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். ஒன்று இருக்கிறது சார், முப்பதாம் தேதி வரைக்கும் என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன். "நாலையும் நீங்களே வச்சுக்கிடுங்க, எலும்புக்கு நான் வேற எடம் பாக்கேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாஸ்க்கை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டேன். எழுத்துமூலம் எப்போது தருவீர்கள் என்று கேட்டேன், திங்கட்கிழமை என்றார், இன்றைக்கே தந்தால் நல்லது என்றேன், கிளார்க் லீவு என்றார்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே சண்முகக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், சன்னலோரக் கட்டிலில் துண்டை விரித்துக் கிடத்திவிட்டு, மறுபடி எண்ண ஆரம்பித்திருந்தார்.